பூனைக்குட்டிப் பால்மா டின்: பதினொரு பவுண் குட்டிக்கு வாங்கிப் பார்த்த அனுபவம்

டின் நல்லது. அதோடு இலவசமாகத் தருகிற போத்தலைக் குப்பையில் போடுங்கள். அவசரக்காரருக்கு இவ்வளவு போதும். கையில் குளிர்ந்துபோன குட்டியை வைத்துக்கொண்டு இதை வாசிப்பவர் யாராவது இருந்தால், வாசிப்பதை விட்டுவிட்டு முதலில் அதைச் சூடாக்குங்கள். பால் பிறகு. ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் அதைப் படித்த விதம் நல்ல விதம் இல்லை.

நான் நகை வேலை செய்கிறவன். திருகோணமலையில், பத்திரகாளி அம்மன் கோவிலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஒழுங்கையில் வீடு. முன்விறாந்தையை அடைத்தால் அதுதான் பட்டறை. பவுண் விலை ஏறியதிலிருந்து புது நகை செய்விக்க வருகிறவர்கள் குறைவு. அறுந்த சங்கிலி ஒட்டவும், தோட்டுக்குச் சுரை மாற்றவும்தான் வருகிறார்கள். ஆகவே இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பிப் பூனைக்குப் பால் கொடுக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. வேலை நிறைய இருந்த காலமென்றால் இந்த மதிப்பீடு வந்திருக்காது, குட்டியும் இருந்திருக்காது.

நவம்பர் கடைசியில் நான்கு நாள் விடாத மழை. பின்பக்கத் தாழ்வாரத்தில் அப்பா காலத்துக் கரிச்சாக்கு ஒன்று கிடக்கும். இப்போது காஸ் ஊதுகுழல்தான், கரிக்கு வேலை இல்லை; எறிய மனம் வராமல் கிடந்தது. அந்தச் சாக்குக்குள் எங்கள் ஒழுங்கைப் பூனை, கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த மூன்று நிறக்காரி, குட்டி போட்டிருந்தாள். மூன்று குட்டி. நான் கண்டபோது இரண்டு விறைத்துவிட்டன. மூன்றாவது என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை.

தாய் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கண் பீளை ஒட்டி மூடியிருந்தது. மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டாள். வயிற்றில் ஒரு முலை மட்டும் கல்லு மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டது. தொட்டதற்கு என் புறங்கையைக் கிழித்தாள். (அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். தெருப்பூனை கீறினாலும் கடித்தாலும் உடனே சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு நீங்களும் போங்கள். நாய் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர்.)

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமி பசுப்பாலில் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வைக்கச் சொன்னா. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டுப்பால் என்றா. தாய்க்குக் காய்ச்சல் என்றால் அரைப் பரசிட்டமோல் கொடுக்கலாம் என்றும் சொன்னா. நல்லவேளையாக நான் எதையும் கொடுக்க முன் தங்கச்சியின் மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். இலங்கையில் அதற்கான பீடம் அங்கே ஒன்றுதான். பரசிட்டமோல் என்று நான் சொல்லி முடிக்க முன்பே கத்தினாள்.

"மாமா! அரைக் குளிசையே பூனையைக் கொல்லும். அதுகளின்ட ஈரலால அதை உடைக்க ஏலாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காமப் போயிடும்."

பாலைப் பற்றியும் அவளிடம்தான் கேட்டேன். பசுப்பாலில் புரதம் 3 சதவீதமும் சொச்சமும். பூனையின் பாலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பசுப்பாலில் இருக்கிற சீனி குட்டியின் குடலுக்கு ஒத்துவராமல் வயிற்றோட்டம் ஆகும். இந்தச் சின்ன உடம்பில் வயிற்றோட்டம் என்றால் அரை நாளில் காரியம் முடிந்துவிடும். தண்ணீர் கலந்தால் இன்னும் மோசம், வயிறு நிறையும், சத்து இருக்காது. ஆட்டுப்பாலும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லையாம். பூனைக்குட்டிக்கென்றே பால்மா விற்கிறார்கள், தேடி வாங்குங்கள் என்றாள். "முதல்ல சூடாக்குங்க" என்றும் சொன்னாள். நான் 'வாங்குங்கள்' என்பதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு குடையோடு இறங்கிவிட்டேன்.

மீன்தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடை. பூட்டப்போகிற நேரம். மேல்தட்டில் ஒரே ஒரு டின் இருந்தது. தம்பி அதைத் தன் ரீசேட்டால் தூசி துடைத்துத் தந்தார். 300 கிராம், 5,400 ரூபா. காலாவதிக்கு நான்கு மாதம் இருந்தது. அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எங்கள் ஊரில் இது மாதத்துக்கு ஒன்று விற்கிற சாமான், தட்டிலேயே வயசு போய்விடும். வாசனை மண்ணும் விளையாட்டுப் பந்தும் வேண்டுமா என்று கேட்டார். மூச்சு ஓடுகிறதா என்றே தெரியாத குட்டிக்குப் பந்து! ஆனால் அவரைக் குறை சொல்லவில்லை. பூட்டின கதவைத் திறந்து விட்டவர்.

டின்னின் பெயரை வேண்டுமென்றுதான் விடுகிறேன். கடையில் எது கிடக்கிறதோ அதைத்தான் இங்கே வாங்க முடியும், தெரிந்தெடுக்கிற வசதி கொழும்புக்காரருக்கு. பிறகு நான் கொழும்பிலிருந்து எடுப்பித்த இரண்டாவது டின் வேறு கம்பெனி, இரண்டிலும் பெரிய வித்தியாசம் காணவில்லை.

மாவு மென்மையானது, இளமஞ்சள், கொஞ்சம் எண்ணெய்த்தன்மை, மணம் குழந்தைப் பால்மா மாதிரித்தான். முதல் குறை, விளக்கம் ஆங்கிலத்தில் மட்டும். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. எழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. நான் நகை பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வாசித்தேன். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று இருந்தது. உங்கள் டின்னில் வேறாக இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இரண்டாவது குறை உள்ளே இருக்கிற கரண்டி. தொழில் புத்தி, நிறுத்துப் பார்த்தேன். மூன்று தரம் தலைதட்டி அள்ளினால் மூன்று நிறை: 2.12, 2.61, 2.38 கிராம். மாவு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. பெரிய பூனைக்கு இது ஒன்றும் இல்லை. 88 கிராம் குட்டிக்கு ஒரு நேரப் பாலே 4 மில்லிக்குள்தான், அதில் கெட்டி கூடினால் மலச்சிக்கல், தண்ணீர் கூடினால் பட்டினி. ஆகவே நான் கரண்டியை விட்டுவிட்டு ஒரு நாளுக்குத் தேவையானதை மொத்தமாக அளந்து கரைத்து பிரிட்ஜில் வைத்து, அந்தந்த நேரத்துக்குக் கொஞ்சம் எடுத்துக் கிண்ணத்தைச் சுடுதண்ணியில் வைத்துச் சூடாக்கினேன். கரைத்தது ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. கட்டி கட்டியாக நிற்கும். தேத்தண்ணி வடியால் வடித்தால் சரி. டின்னைத் திறந்ததும் பிரிட்ஜில் வையுங்கள், எங்கள் கடற்காற்றுக்கு வெளியில் வைத்தால் இரண்டு நாளில் கட்டிபிடிக்கும்.

இப்போது போத்தல்.

விரல் நீளம், மேலே இறப்பர் சூப்பி. சூப்பியில் துளை இல்லை, நாங்கள்தான் போட வேண்டும். 'சூடான ஊசியால் குத்தவும்' என்று படம் போட்டிருந்தது. ஊசியைச் சூடாக்கிக் குத்துவது எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? முப்பத்தைந்து வருஷத் தொழில். ஊதுகுழலில் பிடித்துப் பழுக்கவைத்துக் குத்தினேன். துளை அழகாக விழுந்தது. நகைக்கு அழகு, பாலுக்குப் பெரிசு.

குட்டியைத் துவாயில் சுற்றி, குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்துக்கொண்டு சூப்பியை வாயில் வைத்தேன். இரண்டு தரம் உறிஞ்சியது. மூன்றாம் தரம் பால் மூக்கால் வந்தது. தும்மியது, நெளிந்தது, பிறகு அசையவில்லை. தலைகீழாகச் சரித்து முதுகைத் தடவித் துடைத்தேன். என் கை நடுங்கியது. வைரம் பதிக்கிற கை. வீட்டுக்காரி என்னிடமிருந்து குட்டியைப் பறித்துத் தன் நெஞ்சில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்க தள்ளிப் போங்க" என்றாள். தள்ளிப் போனேன். அரை மணித்தியாலம் கழித்து அவள் சட்டைக்குள் இருந்து முதல் தடவையாக ஒரு சத்தம் கேட்டது.

அதாவது அவள் யாரும் சொல்லாமல் செய்ததுதான் சரி. நான் செய்ததில் மூன்று பிழை: குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தது, மல்லாக்கப் பிடித்தது, பெரிய துளை. பிறந்த பூனைக்குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்துவைக்க முடியாது. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலையை நிறுத்திவிடும். கொடுத்த பால் வயிற்றில் தேங்கிப் புளிக்கும், மேலே வரும், சுவாசப்பைக்குள் போகும். சுவாசப்பைக்குள் போன பால் நியூமோனியா. தாயிடம் குடிக்கும்போது குட்டி குப்புறத்தானே கிடக்கிறது, எந்தக் குட்டி மல்லாந்து கிடந்து குடிக்கிறது? ஐம்பத்தாறு வயசு வரைக்கும் எத்தனை பூனையைப் பார்த்திருப்பேன், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை தாயையும் குட்டியையும் பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து ஓட்டோவில் தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். கோட்டையடியில் மான் கூட்டம் ஒன்று வீதியை மறித்து நின்றது. ஒரு கிடா கடதாசி ஏதோ மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. ஓட்டோத்தம்பி ஹோர்ன் அடிக்கவில்லை. உல்லாசப்பிரயாணிகளுக்கு அது அழகு. எனக்கு அன்றைக்கு அந்த மான்கள் ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம்.

கிளினிக்கைப் பற்றி: டொக்டருக்கு ஐந்துக்கு ஐந்து, காத்திருக்கிற இடத்துக்கு ஒன்று. போன் எடுத்தால் பதில் இல்லை, போய் வரிசையில் இருக்க வேண்டும், நாயும் பூனையும் ஒரே வாங்கில். ஒரு அல்சேஷன் எங்கள் பெட்டியை மோந்த மோப்பத்தில் தாய்ப்பூனை வாயால் மூச்சு விடுவதையும் மறந்து சீறினாள். (சீற முடிகிறது என்பது நல்ல அறிகுறி என்று டொக்டர் பிறகு சொன்னா.) டொக்டர் இளம்பிள்ளை, என் மருமகளை விட நாலைந்து வயசு கூட இருக்கும். தாய்க்கு சளிக்காய்ச்சல், அதோடு ஒரு முலையில் தொற்று. தோலுக்கடியில் சேலைன் ஏற்றி, பால் கொடுக்கிற தாய்க்கு ஏற்ற மருந்தாகப் பார்த்து ஊசி போட்டு, குளிசையும் தந்தா. வீங்கிய முலைக்கு வெதுவெதுப்பான துணி ஒத்தடம். மற்ற ஏழு முலையும் நல்லது, அதில் குட்டியைக் குடிக்க விடுங்கள், தாய் பேசாமல் கிடந்தால் நீங்களே பிடித்து வையுங்கள் என்றா. எல்லாம் சேர்த்து 4,200 ரூபா. அதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

போத்தலைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டா, "அங்கிள், இந்த ஓட்டையை யார் போட்டது?"

நான் மேசையில் ஒட்டியிருந்த நாய்ப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் இரண்டு எடுத்துத் தந்தா. பாமசியிலும் கிடைக்கும், ஒன்று 40 ரூபாவுக்குள். குட்டியைக் குப்புறப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் மட்டும் நிமிர்த்தி, வாயின் பக்கவாட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக, அது விழுங்க விழுங்க. 1 மில்லி கொடுக்க மூன்று நான்கு நிமிஷம். வயிறு மெல்ல உருண்டால் போதும், முட்டக்கூடாது. 5,400 ரூபா டின்னோடு போத்தல் வைக்கத் தெரிந்த கம்பெனிக்கு ஒரு சிரிஞ்ச் வைக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் கேள்வி. மூன்று கிழமைக் குட்டிக்கு அந்தப் போத்தல் சரியாக இருக்கலாம். ஆனால் டின்னில் 'பிறந்த நாள் முதல்' என்று போட்டிருக்கிறதே.

அப்புறம் தராசு. டொக்டர் கேட்ட முதல் கேள்வியே குட்டி எத்தனை கிராம் என்பதுதான். "88.42" என்றேன். சிரித்தா. ஒருத்தரும் அவவுக்கு இரண்டு தசமத்தில் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பட்டறைத் தராசு 500 கிராம் வரை பிடிக்கும். தேங்காய்ச் சிரட்டை அளவு சில்வர்க் கிண்ணத்தில் சீலைத்துண்டு போட்டுப் பூச்சியமாக்கி, அதற்குள் குட்டியை விட்டு, கண்ணாடிக் கூட்டை ஒரு நிமிஷம் மூடினால் காற்றுக்கு ஆடாது. தங்கம் வைத்தால் இலக்கம் நிற்கும். குட்டியை வைத்தால் கடைசி இரண்டு இலக்கமும் நிற்காது, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். முதல் இரவு அந்த ஆட்டத்தைப் பார்க்கவே மூன்று தரம் நிறுத்தேன்.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நிறை என்றால் பவுண்தான், 8 கிராம் ஒரு பவுண். 88 கிராம், பதினொரு பவுண். மாமி பூனையென்றால் ஆகாதவ. ஆனால் அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு பட்டறை வாசலில் நின்று, "இண்டைக்கு எத்தனை பவுண்?" என்று கேட்டா. அன்றிலிருந்து குட்டிக்கு அதுதான் பெயர்.

இந்த வயசில் ஒரு நாளைக்கு 10 கிராம் ஏற வேண்டும் என்றா டொக்டர். ஒரு பவுணும் கால் பவுணும். எங்கள் பவுண் ஏறவில்லை. இரண்டாம் நாள் 86.1, மூன்றாம் நாள் 85.7. கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, கத்துகிறது, உறிஞ்சுகிறது, வயிறு உருண்டை. தராசு இல்லையென்றால் தேறிவிட்டது என்று நினைத்துப் படுத்திருப்போம். நிறை இறங்கியபடியால்தான் இடைவெளியை இரண்டு மணித்தியாலமாக்கினோம். உங்களிடம் நகைத்தராசு இருக்காது, தேவையும் இல்லை. கேக் அடிக்கிறவர்கள் வைத்திருக்கிற சமையல் தராசு, ஒரு கிராம் வரை காட்டுவது, 2,000 ரூபா அளவில் கிடைக்கிறது. கையில் ஒரு செலவுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை வாங்குங்கள். பால்மாவை யாரிடமாவது கேட்டாவது எடுக்கலாம்.

சூட்டுக்கு 950 ரூபாவுக்கு இறப்பர் சுடுதண்ணிப் பை. நல்ல சாமான். துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும், சூடு கூடினால் குட்டி ஊர்ந்து மற்றப் பக்கம் போக இடம் வேண்டும். முதல் கிழமை பெட்டிக்குள் 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். திருகோணமலைக்காரருக்கு இது சிரிப்பாக இருக்கும், சித்திரையில் எங்கள் முற்றமே அதை விடச் சூடு. மார்கழி மழையில் ஈரக்காற்று அடிக்கும்போது கதை வேறு. மூன்றாம் இரவு கரண்ட் போய்விட்டது. பெட்டிக்கு மேலே தொங்கவிட்டிருந்த பழைய குண்டுமின்குமிழ் அணைந்தது (எல்ஈடி சூடு தராது, பட்டறையில் ஒன்று மிச்சமிருந்தது அதிர்ஷ்டம்). குசினியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இரவு முழுக்க மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கேத்தல் வைத்தேன். ஓட்டோவில் போகிற தூரத்தில் கன்னியாவில் ஏழு சுடுநீர்க் கிணறு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தி எடுத்தது என்பார்கள். சுடுதண்ணிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு காஸ் முடிந்துவிடுமோ என்று சிலிண்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

இனித்தான் டின்னைப் பற்றி நான் உண்மையில் சொல்ல வந்தது.

தாய் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. மூக்கு அடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் சாப்பிடாது. பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி வருத்தமாகிவிடும் என்று டொக்டர் பயமுறுத்தி அனுப்பியிருந்தா. பாரைத்தலை அவித்து வைத்தேன், திரும்பிப் படுத்தாள். சூடை மீன் சுட்டேன், ஒழுங்கையில் இருந்த மற்றப் பூனை எல்லாம் வந்தது, இவள் கண் திறக்கவில்லை. அன்றிரவு குட்டிக்குக் கொடுத்து மிஞ்சிய பால், ஒரு மேசைக்கரண்டி அளவு, கிண்ணத்தோடு பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு சிரிஞ்ச் கழுவப் போனேன். வந்து பார்த்தால் கிண்ணம் காலி. எலியோ என்றுதான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தலையை நிமிர்த்தாமல், படுத்தபடியே, நாக்கு மட்டும் வேலை செய்தது.

அந்த இரவிலிருந்து டின்னில் முக்கால்வாசி அவளுக்குத்தான் போனது. டொக்டரிடம் கேட்டேன், தாராளமாகக் கொடுங்கள் என்றா. பசுப்பால் போல் வயிற்றைக் குழப்பாது, சத்து நிறைய, வெதுவெதுப்பாக இருப்பதால் மணமும் கொஞ்சம் ஏறும். குளியலறையில் வாளி நிறையச் சுடுதண்ணி வைத்துக் கதவைச் சாத்தி, அந்தப் புகைக்குள் பெட்டியைப் பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் மூக்கு இளகும். இளகின கையோடு பால். நாலாம் நாள் பால் கிண்ணத்துக்குள் அவித்த மீனைப் பிசைந்து போட்டேன், அதையும் சேர்த்து நக்கினாள். டின்னில் குட்டியின் படம்தான் இருக்கிறது. தாய்க்கும் கொடுக்கலாம் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. நான் கம்பெனிக்காரன் என்றால் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவேன். 88 கிராம் குட்டிக்கு நாளைக்கு நாங்கள் சொட்டுச் சொட்டாக ஊட்டியது 18 மில்லி. தாய் தேறினால் அதை அவள் ஒரு வேலையும் இல்லாமல் படுத்துக்கொண்டே கொடுப்பாள்.

கொடுத்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு காப்பின் கொக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பெட்டிக்குள் அரத்தால் தேய்க்கிற மாதிரி மெல்லிய சத்தம். பட்டறையில் அரச்சத்தம் புதிசா என்ன, கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை. பிறகுதான், அரம் என் கையில் இல்லையே! திரும்பிப் பார்த்தால் குட்டியை ஒரு காலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நக்குகிறாள், தலை, முதுகு, வால்மாட்டுக்குக் கீழே. அது வரைக்கும் ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அந்த இடத்தை ஒற்றி ஒற்றிச் சலம் போகவைத்தது நான்தான். மூன்று கிழமை வரைக்கும் குட்டிக்குத் தானாகப் போக வராது, தாய் நக்கினால்தான் போகும். பால்மா வாங்குகிற பலருக்கு இது தெரியாது, கடையிலும் சொல்வதில்லை. பால் சரியாகக் கொடுத்தும் குட்டி செத்துவிட்டது என்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அன்று 94.3. அடுத்த நாள் 103. மாமி "பன்னிரண்டே முக்கால் பவுணா?" என்று மனக்கணக்குப் போட்டு, எனக்கு முந்திப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனா.

தெள்ளுப்பூச்சி பற்றி ஒன்று. குட்டியில் ஏழெட்டு இருந்தது. இந்த வயசுக்கு எந்த மருந்தும் பூசக்கூடாது, விட்டால் இரத்தத்தை உறிஞ்சிச் சோகை வரும். கல் பதிக்கிற சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சவர்க்காரத் தண்ணியில் போட்டேன். என் ஆயுதங்களில் இந்த வேலைக்கு உதவினது தராசும் சாமணமும். ஊசியை நினைவுபடுத்தாதீர்கள்.

நான் கண்டதிலிருந்து ஒன்பதாம் நாள் இடது கண் கீறல் போல் திறந்தது, வலது கண் அடுத்த நாள். டின் முடியப்போனபோது கடையில் வேறு இல்லை. கொழும்பில் இருக்கிற தம்பி வாங்கி இரவு பஸ்ஸில் பார்சல் போட்டான், விடிய பஸ் நிலையத்தில் எடுத்தேன். மழை நனைத்த பெட்டி, உள்ளே டின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதிலும் ஒரு போத்தல் இருந்தது. அதே போத்தல் மாதிரித்தான்.

தாயின் முலை வற்றி ஆறிவிட்டது, கண்ணும் தெளிவு. இரண்டாம் முறை காட்டப் போனபோது 1,800 ரூபா. பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள், பால் கொடுக்கும்போதே திரும்பச் சினைப்படும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறா. குட்டிக்கு எட்டுக் கிழமையில் முதல் தடுப்பூசி. யாருக்காவது வளர்க்கக் கொடுக்கத்தான் முதலில் நினைத்தோம், இரண்டு பேர் கேட்டும் வந்தார்கள். மாமி இருவரிடமும் குட்டிக்கு இன்னும் வருத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டா.

இரண்டாவது டின்னில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. திறந்த திகதியை மூடியில் எழுதி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன், திருகோணமலையில் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், காசு வேண்டாம். போத்தல் கேட்காதீர்கள்.

இன்று காலை 431 கிராம், கிண்ணத்துக்குள் இப்போது இருக்கமாட்டேன் என்கிறது, கண்ணாடிக் கூட்டை மூடவும் விடாது. தராசு 500 வரைக்கும்தான். மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு கிழமை நிறுக்கலாம்.